பந்தய வண்டி சொல்லும் பாடம்

பார்த்தால் குழந்தைகளின் விளையாட்டு வண்டி போல இருக்கும். கூரை இல்லை. கதவு இல்லை. நான்கு சின்னச் சக்கரங்கள். ஒரே ஓர் இருக்கை. பக்கத்தில் ஒரு சிறிய எஞ்சின். அவ்வளவுதான். ஓட்டுகிறவர் தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். கையைத் தொங்கவிட்டால் விரல் ரோட்டில் உரசும்.

ஆனால் கிளம்பிவிட்டால், மணிக்கு 100 கிலோ மீட்டரைத் தாண்டிப் பறக்கும்!

இந்த வண்டிக்குப் பெயர் 'கார்ட்'. கார்ப் பந்தயத்தில் இறங்க விரும்பும் சிறுவர்களுக்கு இதுதான் பாலர் பள்ளி. உலகப் புகழ் பெற்ற பந்தய வீரர்களான அயர்ட்டன் சென்னா, மைக்கேல் சூமாக்கர் இருவரும் சிறு பிராயத்தில் இந்த வண்டியில்தான் தொடங்கினார்கள். நம் தமிழ்நாட்டிலும் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையிலும் மோட்டார் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டில், 'பார்முலா ஒன்' பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார்.

"இருக்கட்டுமே! தூத்துக்குடிக்கும் இந்த வண்டிக்கும் என்ன சம்பந்தம்? எங்களுக்கு மீன் உண்டு, உப்பு உண்டு, துறைமுகம் உண்டு. பந்தய வண்டி எதற்கு?" என்று கேட்பீர்கள்.

சம்பந்தம் இருக்கிறது. வண்டியில் அல்ல, அதன் எஞ்சினில் இருக்கிறது. அந்த எஞ்சினை அவர்கள் காப்பாற்றுகிற முறையில் இருக்கிறது. அந்த முறை நம் கடற்கரைக்கும் வந்தாக வேண்டும் என்பதே என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டும் ஒரே குலம்

கார்ட் வண்டியில் பெரும்பாலும் இருப்பது 'டூ ஸ்ட்ரோக்' எஞ்சின். பிஸ்டன் ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தால் போதும், ஒரு வெடிப்பு நடந்துவிடும். ஆகவே எடை குறைவு, வேகம் அதிகம். ஸ்காத்லாந்தைச் சேர்ந்த டுகால்டு கிளார்க் என்பவர் இப்படிப்பட்ட எஞ்சின் ஒன்றைச் செய்து, 1881-இல் அதற்கு உரிமை பெற்றார்.

பிறகு 1909-இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர், படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஏரி நடுவே ஒரு தீவில் அவரும் அவர் காதலியும் விருந்துக்குப் போயிருந்தார்களாம். அந்தப் பெண் ஐஸ்கிரீம் வேண்டும் என்றாளாம். அவர் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய் வாங்கி வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டதாம்! அந்த ஆத்திரத்தில்தான் படகுக்கு மோட்டார் செய்தாராம்.

1956-இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல் வெட்டும் யந்திரத்துக்கான எஞ்சினை ஒரு சிறு சட்டத்தில் பொருத்தி ஓட்டினார். அதுதான் முதல் கார்ட்.

ஆக, பந்தயப் பாதையில் சீறும் எஞ்சினும், படகின் பின்னால் மாட்டும் டூ ஸ்ட்ரோக் மோட்டாரும் பங்காளிகள். ஒன்றைப் பற்றித் தெரிந்தால் மற்றதைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி.

நொடிக்கு 200 தடவை!

ஆஸ்திரியா நாட்டில் தயாராகும் ரோட்டாக்ஸ் என்ற 125 சி.சி. எஞ்சின் கார்ட் பந்தயங்களில் பிரசித்தமானது. நம் நாட்டுப் பந்தயங்களிலும் ஓடியிருக்கிறது. முழு வேகத்தில் அது நிமிடத்துக்கு 13,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் கண் இமைத்து மூடும் ஒரு நொடியில், பிஸ்டன் 200 தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது!

இவ்வளவு அடி வாங்கும் எஞ்சின் எப்படி உயிரோடு இருக்கிறது? பந்தயக்காரர் அதற்குச் செய்கிற பணிவிடையால்தான் இருக்கிறது. அந்தப் பணிவிடை என்ன என்று பார்ப்போம்.

எண்ணெய்க் கணக்கு

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய்க்கென்று தனிக் கிண்ணம் அடியில் இல்லை. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்தக் கலவைதான் உள்ளே போய் உராய்வைத் தடுக்கிறது.

ரோட்டாக்ஸ் எஞ்சினுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. பந்தயக்காரர் அளவுக் குவளையில் பார்த்து ஊற்றுவார். கண் மதிப்பு அங்கே செல்லாது.

எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடாகிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிடும்.

"அப்படியானால் கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் நல்லதுதானே?" என்று நினைக்க வேண்டாம். எண்ணெய் கூடினால் புகை கக்கும், கரி பிடிக்கும், பிளக் அடைத்துக்கொள்ளும். சாம்பாருக்கு உப்பு மாதிரிதான். குறைந்தாலும் கெட்டது, கூடினாலும் கெட்டது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் உரிய அளவு அதன் கையேட்டில் அச்சடித்திருக்கிறது. அதுவே வேதம். எண்ணெயின் ஜாதியும் முக்கியம். பந்தய எஞ்சினுக்கு உரிய எண்ணெய் வேறு. கடலில் ஓடும் மோட்டாருக்கு உரிய எண்ணெய் வேறு. மாற்றி ஊற்றக் கூடாது.

இன்னொன்று. கலந்த பெட்ரோலை நாள்கணக்கில் வைக்கக் கூடாது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் சேர்ந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் ஊர் கடற்காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கலப்பதே நல்லது.

அவசரக்காரனுக்கு எஞ்சின் உதவாது

பந்தயக்காரர் வண்டியைக் கிளப்பியதும் பறந்துவிடுவார் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதுதான் இல்லை! முதலில் மெதுவாக ஓட்டிச் சூடேற்றுவார்.

காரணம் இருக்கிறது. வெடிப்பின் சூடு முதலில் பிஸ்டனைத்தான் தாக்கும். பிஸ்டன் சீக்கிரம் பெருக்கும். சுற்றியிருக்கும் சிலிண்டர் மெதுவாகத்தான் பெருக்கும். குளிர்ந்த எஞ்சினை எடுத்த எடுப்பிலேயே முறுக்கினால், பெருத்த பிஸ்டன் பெருக்காத சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும். காய்ச்சின பாலைக் குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் டம்ளர் விரிகிறது அல்லவா? சமமில்லாத சூடு எதையும் கெடுக்கும்.

குளிர் நாட்களில் எஞ்சின் சீக்கிரம் சூடேறட்டும் என்று, ரேடியேட்டரின் ஒரு பகுதியை டேப் ஒட்டி மூடுகிறவர்களும் உண்டு.

புது பிஸ்டன் போட்டால் இன்னும் அதிக நிதானம் வேண்டும். ஒட்டும் பாகங்கள் ஒன்றோடொன்று பழக வேண்டும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள். புது மருமகள் வீட்டுக்கு வந்த அன்றே எல்லா வேலையையும் தலையில் கட்டலாமா?

பிளக் சொல்லும் ஜாதகம்

ஓட்டி முடித்ததும் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் சுகம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ அதிகம். வெளுத்து, சூட்டில் வெந்தது போல இருந்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.

இந்த மூன்றாவதுதான் ஆபத்தானது. ஏன் தெரியுமா? பெட்ரோல் குறைந்த எஞ்சின் முதலில் நன்றாக ஓடுவது போலத் தெரியும். துள்ளும், சீறும். ஓட்டுகிறவர் சந்தோஷப்படுவார். அதற்குள் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்துவிடும்!

காற்றும் வேளைக்கு வேளை மாறும். விடியற்காலைக் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதற்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். நடுப்பகல் வெயிலில் காற்று லேசாகிவிடும். பெட்ரோலைக் குறைக்க வேண்டும். இதற்காகவே கார்புரேட்டருக்குள் பொருத்தும் 'ஜெட்' என்ற சிறு துவாரத் திருகாணிகளைப் பல அளவுகளில் பெட்டியில் வைத்திருப்பார்கள்.

பழைய 100 சி.சி. வண்டிகளில் ஒரு வித்தை உண்டு. நேர்ப்பாதை முடிகிற இடத்தில், ஓட்டுகிறவர் ஒரு கையை எடுத்துக் காற்று போகும் வாயை ஒரு கணம் பொத்துவார். காற்று குறைந்து பெட்ரோலும் எண்ணெயும் கூடுதலாக உள்ளே பாயும். சூடான பிஸ்டனுக்கு ஒரு வாய் மோர் கொடுத்த மாதிரி! எதிராளி துரத்தி வரும்போதும் எஞ்சினின் தாகத்தை மறக்காதவரே பந்தயக்காரர்.

நாற்பது பக்க நோட்டு

இவ்வளவும் சொன்னேன். ஆனால் பந்தயக்காரரின் பெரிய ஆயுதம் இவற்றில் எதுவும் இல்லை. அது ஒரு நோட்டுப் புத்தகம்.

இன்று எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த ஜெட் போட்டோம், வெயில் எப்படி, பிளக் நிறம் என்ன, எந்தத் திருகாணி தளர்ந்திருந்தது, எல்லாம் எழுதி வைப்பார்கள். எஞ்சின் இத்தனை மணி ஓடியதும் பிஸ்டனை மாற்ற வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்த மணி வந்ததும், எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் பிரித்துவிடுவார்கள்.

கவனியுங்கள். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிக்கிறார்கள்!

நாம் என்ன செய்கிறோம்? நின்ற பிறகு பிரிக்கிறோம். அவர்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். என் வாதம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கிவிடும்.

கோப்பையா, உயிரா?

பந்தயத்தில் எஞ்சின் நின்றால் என்ன நஷ்டம்? ஒரு கோப்பை போகும். வீரர் இறங்கி ஓரமாக நடந்து வருவார். அடுத்த பந்தயம் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் எஞ்சின் நின்றால்? இறங்கி நடக்க முடியுமா? காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும். பெட்டியில் உள்ள ஐஸ் உருகும், மீன் கெடும். கரையில் பெண்டு பிள்ளைகள் கடலைப் பார்த்தபடி நிற்பார்கள். திரேஸ்புரத்திலும், தருவைக்குளத்திலும், புன்னைக்காயலிலும், மணப்பாட்டிலும் இந்தக் காத்திருப்பு தெரியாத வீடு ஏது?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிக்க இறங்குகிறவர் தம் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அல்லவா? மச்சான் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை.

1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் சங்கு குளிப்பு நிற்கவில்லை. இன்று சங்கு குளிக்கிறவர்களில் பலர் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவதில்லை. படகில் இருக்கும் எஞ்சின், காற்று அடிக்கும் கம்ப்ரசரை ஓட்டுகிறது. அந்தக் காற்று குழாய் வழியே கீழே இருப்பவருக்குப் போகிறது.

அப்படியானால், இன்றைக்குக் கயிறு பிடிக்கும் மச்சான் யார்? எஞ்சின்தான்!

அன்றைய மச்சானுக்குப் பாசம் உண்டு. எஞ்சினுக்குப் பாசம் கிடையாது. பராமரித்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். கீழே இருப்பது யார் என்று அது பார்க்காது.

இங்கே புகையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது என்று கார்ட்காரர்களுக்குச் சொல்வது இதனால்தான். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாய், புகைக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால், கீழே இருப்பவருக்குப் போவது மூச்சு அல்ல, விஷம்! அந்த வாய் புகைக்கு எட்டாத தூரத்தில், காற்று வரும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.

"பணத்துக்கு எங்கே போவது?"

"பந்தயக்காரர் பணக்காரர். நினைத்த நேரம் பிஸ்டன் மாற்றுவார். எங்களால் முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பாகங்களின் விலை சாமானியனுக்குப் பாரம் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மேலே சொன்னவற்றில் காசு கேட்கிறவை எத்தனை? மெதுவாகச் சூடேற்றக் காசு வேண்டாம். அளந்து ஊற்றக் காசு வேண்டாம். பிளக்கைக் கழற்றிப் பார்க்கக் காசு வேண்டாம். தளர்ந்த திருகாணியை முடுக்கக் காசு வேண்டாம். உப்பு விளைகிற ஊர் இது; உப்புக் காற்று இரும்பைத் தின்னும். கடலிலிருந்து திரும்பியதும், படகின் பின்புறம் மாட்டும் மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் விட்டு அலசினால் உப்பு போய்விடும். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரானால், நிறுத்துவதற்கு முன் சற்று நேரம் பெட்ரோலில் ஓடவிட்டால் கார்புரேட்டர் சுத்தமாகும்; மறுநாள் சிரமமில்லாமல் கிளம்பும்.

வள்ளத்துக்குள் டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய் கலக்கும் வேலை இல்லை. அவர்கள் எண்ணெய் மட்டத்தையும், டீசல் வடிகட்டியையும், குளிர்விக்கும் தண்ணீர் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். முறை வேறு; நோட்டு ஒன்றுதான்.

நடுக்கடலில் நின்ற எஞ்சினைக் கட்டி இழுத்துவரும் செலவையும், கெட்ட மீனையும், இழந்த நாட்களையும் கூட்டிப் பாருங்கள். நோட்டுப் புத்தகம் எவ்வளவு மலிவு என்பது தெரியும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

பந்தயம் என்றதும் சில இளைஞர்கள் புகைக் குழாயை வெட்டிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு, ஊர் நடுவே மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். சத்தம் வேறு, சக்தி வேறு. தாறுமாறாக வெட்டினால் எஞ்சினின் மூச்சு கெடும். சக்தி குறையவும் கூடும். பந்தயத்துக்குப் பாதை உண்டு, தலைக் கவசம் உண்டு, விதி உண்டு. ரோட்டில் நடப்பவை நம் தாய்மாரும் பிள்ளைகளும்தான். வேகத்தில் ஆசை இருந்தால், முதலில் ஓர் எஞ்சினைப் பிரித்து மறுபடியும் பூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அதைக் கற்றவனுக்கு வேகத்தின் விலை தெரியும்.

என்ன செய்யலாம்?

தூத்துக்குடியில் 1977-ஆம் ஆண்டிலிருந்து மீன்வளக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. இவை சேர்ந்து ஒவ்வொரு மீனவர் குப்பத்திலும், தொழிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையில் எஞ்சின் வகுப்பு நடத்த வேண்டும். ஏட்டுப் பாடம் போதாது. எஞ்சினை நடுவே வைத்துக் கழற்றிக் காட்ட வேண்டும். கையில் கரி ஒட்ட ஒட்டத்தான் அந்தப் படிப்பு வரும்.

ஒவ்வொரு படகுக்கும் ஒரு நோட்டு வேண்டும். தேதி, ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், பிளக் நிறம், கேட்ட புதுச் சத்தம். ஐந்தே வரிகள் போதும்.

யார் எழுதுவது? கடலிலிருந்து களைத்து வருகிறவர் வாயால் சொல்லட்டும். வீட்டில் எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். மனைவி எழுதலாம். பள்ளிக்கூடம் போகும் மகள் எழுதலாம். புதிதாக எழுத்துக் கூட்டப் பழகிய பாட்டியும் எழுதலாம். கற்ற எழுத்துக்கு இதைவிட நல்ல உபயோகம் உண்டா? "அப்பா, பிளக் மாற்றி நாளாயிற்றே!" என்று அந்தப் பெண் சொல்லும் ஒரு வார்த்தை, ஓர் உயிரைக் கரை சேர்க்கும்.

1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது. எஞ்சினைக் கண்டு மலைக்கிற ஊர் அல்ல. அதன் பேச்சைக் கேட்கவும், கேட்டதை எழுதி வைக்கவும் பழகினால் போதும்.

அடுத்த தடவை படகு கரை ஏறும்போது, மீனை எண்ணுவதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.